இடப்பக்கத் தவில்

ஜனவரி 5, திங்கள்

காலையில் தூறல். பிறகு வெயில். நெல் பழுக்கத் தொடங்கிவிட்டது. இனி யானை வரும்.

இயர்போன் விஷயம். பழையது வயர் அறுந்து செத்துப்போச்சு. இந்த முறை கண்டதையும் வாங்குவதில்லை. ஒரு கிழமையாக யூடியூபில் ஒரு ஆள் சொல்வதைக் கேட்கிறேன். காதுக்குள் செருகுகிற நல்ல சாமான் இப்போது மலிவாகவே இருக்கிறதாம், பார்த்து எடுக்கத் தெரிய வேண்டுமாம். "கண்ணை மூடிக் கேளுங்கள். யார் எந்தப் பக்கத்தில் இருந்து வாசிக்கிறார் என்று விரலால் காட்டலாம்" என்கிறார்.

அதுதான் வேண்டும். மேளச்சமாவில் இரண்டு தவில்காரரும் மாறிமாறி வெளுத்து வாங்கும்போது ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். திருவிழாவில் நடு முன்னுக்குச் சப்பாணி கட்டி இருந்து கேட்ட மாதிரி.

கறுப்பு: அடி அதிகம். தவிலுக்கு நல்லதாம்.
வெள்ளி: எல்லாம் அளவு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு.
நீலம்: கீச்சிடுமாம். வேண்டாம்.
புளூடூத்: சார்ஜ் போட மறப்பேன். வேண்டவே வேண்டாம்.

வதனி குசினிக்குள் இருந்து எத்தனையோ தரம் கூப்பிட்டாளாம். "கேட்டும் கேக்காத மாதிரி இருக்கிறியள் என்னப்பா? பேசாமல் அந்தப் போனையே கலியாணம் கட்டியிருக்கலாம்." கேட்டிருந்தால் போயிருப்பேனே. என் பெண்சாதிக்குச் சண்டை பிடிக்க ஒரு சாட்டு.

ஜனவரி 7, புதன்

ஒட்டுசுட்டானில் இருந்து முதல் பஸ். வவுனியா. கறுப்பு வாங்கியாச்சு. கடைக்காரர் ஜெகன் நல்ல மனிசன், பெட்டியை உடைத்துக் காட்டித் தந்தார். கடைக்குள் ஒரே இரைச்சல், கேட்டுப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஓமந்தை தாண்டியதும் பொறுக்க முடியாமல் செருகினேன். வலப்பக்கம் தங்கம். இடப்பக்கத் தவில் சாக்குக்குள் போட்டு அடிக்கிற மாதிரி. நாதஸ்வரம் அந்தப் பக்கம் இல்லவே இல்லை. காதுக்குள் போகிற றப்பரை மாற்றினேன். சின்னது, நடுத்தரம், பெரியது. ஒன்றுக்கும் மசியவில்லை.

என் ராசி. ஆயிரத்தில் ஒன்று பழுதென்றால் அது என் கையில்தான் வரும்.

ஜனவரி 9, வெள்ளி

கறுப்பைக் கொடுத்து வெள்ளி எடுத்தேன். ஜெகன் முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் அதே கதை. இடப்பக்கம் ஊமை. தொழிற்சாலையில் இடப்பக்கம் செய்கிற ஆள் மட்டும் லீவு போலும்.

வதனி: "மலிவா வாங்கினா இப்பிடித்தான்."
நான்: "மலிவிலை நல்லது இருக்கப்பா. பாத்து எடுக்க வேணும்."
வதனி: "நீங்கள் பாத்து எடுத்த வடிவு தெரியுதுதானே."

ஜனவரி 10, சனி

சிவம் அண்ணை வந்தார். பக்கத்து வயல்காரர். குளத்துக்குக் கீழே நேற்று யானைத் தடமாம்.

எங்கள் வரிசையில் காவல் முறை வைத்துத்தான். ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஆனால் யானைவெடி போடுவது மட்டும் எப்போதும் நான். எல்லாரும் வலக்கை, நான் இடக்கை. எறிந்தால் தூரம் போகும். சுள்ளி முறிகிற சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். "சபேசன் நிண்டால் நாங்கள் நிம்மதியா நித்திரை கொள்ளலாம்" என்பார் சிவம் அண்ணை. இன்றைக்கும் சொன்னார். உள்ளுக்குள் ஒரு பெருமைதான், பொய் சொல்வானேன்.

உரம். மண்வெட்டிப் பிடி. வதனிக்குச் செருப்பு.

ஜனவரி 12, திங்கள்

மூன்றாம் தரம் வவுனியா. கடைக்குள் ஏறும்போதே வெட்கமாக இருந்தது. ஜெகன் வெள்ளியை வாங்கித் தன் காதில் செருகிக் கேட்டார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. ஒருக்கா மாத்திப் போட்டுப் பாருங்கோ. இடத்தை வலத்திலை, வலத்தை இடத்திலை."

போட்டேன். ஊமை என்று நான் சொன்ன இடப்பக்கத்துச் சாமான் வலக்காதுக்குள் மணி மாதிரிக் கேட்டது. ஒவ்வொரு விரலடியும். தங்கம் என்று சொன்னது இடக்காதுக்குள் போய்ச் சாக்குக்குள் அடித்தது.

ஜெகன் வேறு ஆளுக்குப் போன் காட்டப் போய்விட்டார். "இதையே வைச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நெடுங்கேணி வரைக்கும் ஒரு பாட்டும் கேட்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

வதனி கிணற்றடியில். ஒளித்திருந்து சோதித்தேன்.

கைமணிக்கூடு: வலது ஓம். இடது இல்லை.
நெருப்புப்பெட்டி கிலுக்கல்: வலது ஓம். இடது இல்லை.
பல்லி: வலக்காதைப் பொத்தினால் பல்லியும் இல்லை.

வெடியை இடக்கையில் பிடித்து, திரி பற்ற வைத்து, காதடிக்குக் கொண்டுபோய், பிறகுதான் எறிவது. சிலது கையை விட்டதுமே வெடிக்கும். ஒவ்வொரு போகமும். அடுத்த நாள் காது கூவும், பிறகு நின்றுவிடும். நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். எல்லாருக்கும் கூவுமே.

அப்போ வதனி கூப்பிட்டது எல்லாம் உண்மை. ஐயோ, எத்தனை நாள் அவளோடு வாய் காட்டியிருக்கிறேன்.

சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது? நாளன்றைக்குப் பொங்கல். காவல் முறையும் அன்றைக்கு எங்களுடையதுதான். பொங்கல் முடியட்டும்.

ஜனவரி 16, வெள்ளி

எழுதக் கை வருகுதில்லை. நேற்று.

பொழுது படுகிற நேரம். காவல் கொட்டிலில் நானும் சிவம் அண்ணையும். வதனி பொங்கலும் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். புதுச் செருப்பு. சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கப் போகிற நேரம் முறிகிற சத்தம். பெரிய கொப்பு.

"எந்தப் பக்கம் தம்பி?" சிவம் அண்ணை.

எனக்குச் சத்தம் கேட்டது. பக்கம் தெரியவில்லை. எல்லாம் வலக்காதுக்குள்தான் வருகிறது, யானை எங்கே நின்றாலும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரியாது என்று ஒரு சொல். அது வரவில்லை.

"குளக்கட்டுப் பக்கம்" என்றேன்.

வதனி கேட்டாள்: "அப்ப நான் காட்டுக்கரையாலை போகட்டே?"

"ஓம், கெதியாப் போ."

குளக்கட்டுப் பக்கம் ஒரு வெடி எறிந்தேன். அதற்குப் பயந்து யானை எங்கே ஓடியிருக்கும்? அந்தப் பக்கம் நின்றிருந்தாலும் காட்டுக்கரைக்குத்தான் ஓடும். ஆனால் அது முதலே காட்டுக்கரையில்தான் நின்றது. வதனி கத்தியதும் எனக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சிவம் அண்ணைதான் ஓடினார். நான் அவர் முதுகைப் பார்த்து ஓடினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தாள், முழங்கால் தேய்ந்து, ஒரு செருப்பு இல்லாமல். யானை அவளைத் தாண்டிச் சிவம் அண்ணையின் நெல்லுக்குள் போய்விட்டது. பாதி வயல் துவம்சம்.

வீட்டில் முழங்காலுக்கு மருந்து போட்டேன். அவள் என் இடப்பக்கம் இருந்து ஏதோ சொன்னாளாம். நான் திரும்பவில்லை. எழும்பி மற்றப் பக்கம் வந்து இருந்தாள்.

"எவ்வளவு நாளா?"

சொன்னேன். இயர்போன் கதை முழுக்க. மூன்று தரம் வவுனியா போனது வரைக்கும். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். "நான் உங்களை எவ்வளவு பேசிப்போட்டன்" என்று அழுதாள். அவளைக் காட்டுக்கரைக்கு அனுப்பியது நான், அவள் தன்னை நொந்து அழுகிறாள். என்ன செய்ய.

ஜனவரி 17, சனி

சிவம் அண்ணை வந்தார். பேச்சு விழும் என்று நின்றேன். ஒரு பை நிறையப் புது வெடி கொண்டுவந்திருக்கிறார்.

"ஒரு நாள் பிசகிறது ஆருக்கும் வரும் தம்பி. மிச்சத்தையாவது காப்பாத்த வேணும். நீ நிண்டால்தான் எங்களுக்கு நித்திரை."

ஏசியிருக்கலாம் மனிசன். வாங்கி வைத்தேன். காது கேட்காது என்று சொல்ல வாய் எடுத்தேன், "தேத்தண்ணி குடிக்கிறியளே அண்ணை" என்றுதான் வந்தது. வதனி என்னைப் பார்த்துவிட்டுக் கேத்தில் வைக்கப் போனாள்.

பை கட்டிலுக்குக் கீழே. அறுவடைக்கு இன்னும் நாள் கிடக்கு.

ஜனவரி 20, செவ்வாய்

வானம் மப்பு. முல்லைத்தீவு ஆஸ்பத்திரி. காதுக் கிளினிக். வதனி விடாமல் கூட்டிப் போனாள், பஸ்சில் என் வலப்பக்கம் இருந்து.

சின்ன அறை. கதவு சாத்தினால் ஒரு சத்தமும் இல்லை. காது சோதிக்கிற மிஸ் ஒரு பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டா. பழசு, காது முழுக்க மூடுகிற வகை. இதில் மேளச்சமா எப்படி இருக்கும் என்று யோசித்தேன், விசரன்.

"சத்தம் கேக்கேக்கை விரலைத் தூக்குங்கோ அண்ணை. எவ்வளவு சின்னச் சத்தம் எண்டாலும்."

வலது. கூ, கீ, குருவி மாதிரி. எல்லாத்துக்கும் விரல் தூக்கினேன். மிஸ் தலையாட்டினா.

இடது. தூரத்தில் ஜெனரேட்டர் ஓடுகிற மாதிரி ஒன்று. தூக்கினேன். அதைவிடக் கொஞ்சம் மேலே ஒன்று. தூக்கினேன். பிறகு மிஸ் எதையோ திருகி எழுதினா. திருகினா, எழுதினா. குருவிச் சத்தத்துக்கு மெசினை ஆயத்தம் செய்கிறா என்று விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மூச்சுக்கூட விடாமல்.

கன நேரம்.

"மிச்சத்தைப் போடுங்கோ மிஸ்" என்றேன்.

அவா எழும்பி என் வலப்பக்கம் வந்து நின்றா.

"எல்லாம் போட்டாச்சு அண்ணை. கழட்டுங்கோ."