முறை வைக்காத கடல்

பஹ்ரைன்

அன்புள்ள மனைவி லோகநாயகிக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி குறைந்ததா?

சிரிக்க ஒரு செய்தி. நேற்று மீன் கிடந்த இடத்தில் வேறொரு படகு வலை விட்டிருந்தது. நம் ஏரியில் பாடு வைத்து ஆளுக்கொரு நாள் பிடிக்கும் பழக்கத்தில், அவர்கள் முடிக்கட்டும் என்று எங்கள் படகை நிறுத்திக் காத்து நின்றேன். மீன் முழுவதும் அவர்களுக்கே போயிற்று. "இன்னா நைனா, பஸ்ஸுக்கா நிக்கிற? இங்க யாரு உனக்குப் பாடு வுட்டாங்க?" என்று என்னோடு படகில் இருந்த நம் பசியாவரம் ஊர்த் தேவேந்திரன் கத்தினான். முதலாளி என்னை ஒரு வாரம் கரையில் உட்கார வைத்துவிட்டார்.

ஆறுள்ள நாடே செழிக்கும் என்று பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தியவன் நான். நம் ஏரிக்கு ஆறுகளும் உண்டு, கடலும் உண்டு. இங்கே ஓர் ஆறுகூட இல்லை, இருந்தும் செல்வம் கொழிக்கிறது. எண்ணெய்தான் காரணம் என்று முடித்துவிடலாம். ஆனால் முறை பார்க்கும் நாம் வறுமையிலும், முந்தி அள்ளும் இவர்கள் செழிப்பிலும் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

பாடு பிரிக்கும் சித்திரைக் கூட்டத்தில் என் முறைப் பாட்டை என் அண்ணன் தனக்குக் கேட்கப்போவதாக எழுதியிருந்தாய். "படிச்சவனுக்கு ஏரி இன்னாத்துக்கு?" என்று என்னை விரட்டியவர் அவர். கொடுத்துவிடு என்று இருமுறை எழுதி அடித்துவிட்டேன்.

கடிதம் கொண்டுவருபவர் திரும்பும்போது இறால் கருவாடும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்பு. இதை வாங்கிப்போக அவர் என் அறை வாசலில் நிற்கிறார்.

பாட்டைக் கொடுக்காதே. நான் வருவேனா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் என் நாளில் அங்கே யாரும் வலை விடக்கூடாது.

கோதண்டம்