நிறுத்துவதும் உங்கள் வேலைதான்

இன்று காலை த்ருவோங் டின் தெருவில், மின்கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்ததும் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. குப்பை வண்டி வரும் நேரம், கொசு மருந்து அடிக்கும் நாள் என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் காபியை ஆறவிட்டு ஜன்னலில் நின்றேன், வேறு ஏதோ வரப்போகிறது என்பதுபோல. செத்தும் என்னைச் சும்மா உட்காரவிடமாட்டாயா அக்கா நீ?

நீ அந்த ஒலிபெருக்கியோடு மல்லுக்கு நின்றபோது வியட்நாமில் ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இங்கிருந்த நம் தமிழ் ஆட்களில் பாதிப்பேர் காரைக்காலுக்கும் பாரிசுக்கும் போய்விட்டார்கள். வியட்நாமியரைக் கட்டிக்கொண்ட நீயும், போக வழியில்லாத நானும் கோயிலுக்குப் பின்னால் அடுத்தடுத்த வீட்டில் மிஞ்சினோம். மிஞ்சியவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அன்று உன் மகள் லான் பள்ளியிலிருந்து முகமெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்தாள். "சா வா" என்று கேலி செய்து, வெள்ளையாக்குகிறோம் என்று பிள்ளைகள் பூசிவிட்டிருந்தார்கள். கறுத்த தோலைக் கண்டால் இந்த ஊர் சொல்லும் பட்டப்பெயர் அது. நான் ஈரத்துணி எடுத்தேன். நீ தட்டிவிட்டாய்.

"துடைக்காதே. அவங்க பாக்கட்டும்."

அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்கு நடந்தாய். ஈரத்துணியோடு நானும் பின்னால் வந்தேன்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க யாரையும் அப்படிச் சொல்றதில்லம்மா. இங்க எல்லா இனமும் சமம்." அவர் தலைக்கு மேலே சுவரிலும் அதையே சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்.

"நீங்க சொல்லல, சரி. சொல்றவங்கள நிறுத்துறதும் உங்க வேலைதானே? சட்டம் உங்களுக்கும் சேத்துதான் போட்டிருக்கு" என்றாய். ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும், பள்ளிக்கும் உத்தரவு போக வேண்டும் என்றாய்.

"இதுக்கு மேலிடத்துல கேக்கணும்."

"கேளுங்க. நான் இருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய்.

மறுநாளும் போனாய். அதற்கு மறுநாளும். உன்னைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டால் லானை யார் பார்ப்பது என்று நான் கத்தினேன். "நீ பாத்துக்க" என்றாய்.

கடைசியில் ஒரு காலை அறிவிப்பு வந்தேவிட்டது. அரிசி வழங்கும் நேரத்துக்கும் தெருப் பெருக்கும் முறைக்கும் நடுவில், ஒரே ஒரு தடவை: தோல் நிறத்தைச் சொல்லி யாரையும் இழிவாகக் கூப்பிடுவது சட்டத்துக்கு விரோதம், பள்ளிகள் கவனிக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. நீயோ அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாய்.

"ஒரு தடவ சொன்னா ஆச்சா?"

போன மாதம் உன் காரியத்துக்கு வுங் டாவிலிருந்து லான் வந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. அந்த அறிவிப்பால் ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். அரைகுறைத் தமிழில் சொன்னாள்: "பசங்க நிறுத்தல சித்தி. ஆனா டீச்சருங்க பாக்காத மாதிரி போறத நிறுத்திட்டாங்க."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் மாடியில் நம்மைப் போலவே கறுத்த கெமர் இனக் குடும்பம் ஒன்று குடிவந்திருக்கிறது. அந்த வீட்டுப் பையனைத் தெருப் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவன் அம்மாவுக்குத் தனியாகப் போய்ப் பேசப் பயம். கூட வரட்டுமா என்று நேற்று கேட்டேன். அவள் என் முழங்காலையும் கைத்தடியையும் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள்.

இன்று வார்டு அலுவலகத்துக்குப் போகிறோம். மரியாதையாகப் பேசி அனுப்பிவிடத்தான் பார்ப்பார்கள். நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கமாட்டேன்.