ஓராண்டுக் கட்டு

மந்தைவெளி
9 ஜூன் 2024

சௌபாக்கியவதி ஸ்ரீரஞ்சனிக்கு,

உன் மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் வீடும் சௌக்கியம். காஞ்சிபுரத்தில் உன் சித்தி பெண் கல்யாணம் குறைவில்லாமல் நடந்திருக்கும். நீ சாயங்காலம் வந்து இறங்கும்போது நான் கோயிலில் இருப்பேன். அதனால் இதை உன் மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிறேன்.

நீ அனுமதி கொடுத்தபடி உன் கம்ப்யூட்டரில் என் பென்ஷன் ஸ்லிப்பை இறக்கினேன். இறங்கிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னது. எங்கே என்று சொல்லவில்லை. தேடிப் போனதில் ‘டவுன்லோட்ஸ்’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் கையை விட்டுவிட்ட குழந்தையைத் தேடுவது போல இருந்தது. ஸ்லிப் கிடைத்தது. ஆனால் பதிவறைக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் அப்படிப்பட்ட இடத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போவது எப்படி? உனக்கு ஒரு உபகாரமாக இருக்கட்டும் என்று நீ ஊரில் இல்லாத மூன்று நாளும் அதிலேயே உட்கார்ந்து ஒழுங்கு செய்துவிட்டேன்.

எங்கள் ஆபீஸ் முறைப்படி நான்கு கட்டுகள்: நிரந்தரம், பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு. ஓராண்டுக் கட்டில் போனதை வருஷம் முடிந்ததும் அழித்துவிடுவோம். அதற்காக யாரும் அழுததாகப் பதிவு இல்லை. நிரந்தரத்தில் வீட்டுப் பத்திரம், ஸ்ரீநாத்தின் சம்பளச் சீட்டுகள், என் ஸ்லிப். பத்தாண்டில் வரி ரசீதுகள். மூன்றாண்டில் காஸ், மின்சாரம். ஓராண்டில் உன் சினிமா, சீரியல் வகையறா. மற்ற மூன்று கட்டையும் சேர்த்தால்கூட அதற்கு ஈடாகவில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஸ்ரீநாத் உத்தியோகத்துக்காகப் புனேயில் இருக்கும்போது உனக்கும் பொழுது போக வேண்டுமே.

பழுதான கோப்புகளும் நிறைய இருந்தன. திறந்தால் ஒரு எண், ஒரு நேரம், அரை வாக்கியம், மறுபடி எண், மறுபடி நேரம். ஒன்றில் [பெருமூச்சு] என்று மட்டும் பக்கம் பக்கமாக இருந்தது. இவற்றை அழித்துவிட்டேன். அழித்தது போய்ச் சேர்ந்த குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். ‘நிரந்தரமாக அழிக்கலாமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. என்னிடம் யாராவது உத்தரவு கேட்டு ரொம்ப நாளாகிறது. ஆம் என்றேன். முறைப்படி ஒரு அழிப்புச் சான்றிதழும் தட்டச்சு செய்து நிரந்தரத்தில் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். நம் அடுக்ககத்தில் எல்லாருக்கும் என்ன வந்தது என்று தெரியவில்லை. என்னிடம் பேசும்போது கத்துகிறார்கள். வாட்ச்மேன் தணிகாசலம் இன்று காலையில் “தண்ணி லாரி வந்துகினு கீது சார்” என்று போட்ட சத்தத்தில் பால் பாக்கெட் கை நழுவியது. மரியாதையாகப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

அன்புடன்,
கஸ்தூரிரங்கன்


10 ஜூன் 2024

அப்பாவுக்கு ரஞ்சனியின் நமஸ்காரம்.

பக்கத்து அறையிலிருந்து எழுதுகிறேன். நேரில் வந்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே நிச்சயமில்லை. தவிர, எழுத்தில் ஆரம்பித்தது நீங்கள்.

நீங்கள் பழுதானவை என்று அழித்தது என் வேலை. காது கேளாதவர்கள் படித்துப் புரிந்துகொள்வதற்காகப் படத்தின் கீழே ஓடும் எழுத்து இருக்கிறதே, அதை எழுதிச் சம்பாதிக்கிறவள் நான். எந்த வரி எந்த வினாடியில் வர வேண்டும் என்பதற்குத்தான் அந்த எண்கள். பேச்சு மட்டும் எழுதினால் போதாது. கதவு தட்டினால் கதவு தட்டும் ஓசை என்று எழுத வேண்டும். பெருமூச்சு விட்டால் பெருமூச்சு. அந்தக் கதாநாயகி நிறைய விடுகிறாள். அதற்கு நான் பொறுப்பில்லை. ஒரு தொடர் முழுவதும் முடித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். ஓராண்டுக் கட்டில் நீங்கள் போட்ட சினிமாவும் சீரியலும் நான் அந்த வேலைக்காக இறக்கியவை.

எல்லாவற்றையும் டவுன்லோட்ஸிலேயே போட்டு வைத்தது என் சோம்பேறித்தனம். நகல் எடுக்காததும் என் தப்பு. அதை உங்கள் கணக்கில் எழுதமாட்டேன்.

ஆனால் இதை உங்களிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் ஒரு தடவை. இந்தக் கம்ப்யூட்டரை என் சம்பளத்தில் வாங்கியபோது ஒரு தடவை. பொங்கலன்று இலை முன்னால் ஒரு தடவை. மூன்று தடவையும் “பேஷ், பேஷ்” என்றீர்கள்.

காஞ்சிபுரம் கிளம்பின அன்று கீழ் வீட்டுச் சூடாமணி மாமி லிஃப்டில் கேட்டார். “ஏண்டி ரஞ்சனி, நாள் முழுக்க காதுல மாட்டிண்டு சீரியல் பாக்கறியாமே. ஒங்க மாமனார் சொல்லிண்டிருந்தார். எங்காத்துலயும்தான் டிவி இருக்கு, நாங்கள்லாம் சமைக்கலையா?” லிஃப்டில் வேறு ஆட்களும் இருந்தார்கள். நான் சிரித்தேன். கல்யாண வீட்டில் மூன்று நாளும், ஏன் சிரித்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரசம் அடுப்பின் மேல் இருக்கிறது. சுட வைத்துக்கொள்ளுங்கள்.

ரஞ்சனி


12 ஜூன் 2024

ரஞ்சனிக்கு,

ஆசீர்வாதம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

இரண்டு நாளாக நீ அறையை விட்டு வரும் நேரம் பார்த்து நான் பால்கனிக்குப் போகிறேன். இது எழுபத்திரண்டு வயதுக்காரன் செய்கிற காரியமா என்று நீ நினைத்திருப்பாய். நானும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே போனேன்.

நேற்று தி.நகரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன், அழித்ததை மீட்க முடியுமா என்று கேட்க. கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆலோசனைதானே என்று நினைத்தேன். கடைக்காரர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினார். ‘பொட்டி இல்லாம இன்னா பண்றது பெருசு? எடுத்துனு வா. அதுல மேல எதுவும் ஏத்தாதே.’ கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கேட்கவில்லை, பார்த்தேன். அந்தச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். முகவரி அதிலேயே இருக்கிறது.

இதற்குமேல் மறைத்துப் பயனில்லை. எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. உன் மாமியார் காலமான வருஷத்திலிருந்தே இப்படித்தான். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் முதலில் போயின. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, நல்ல விஷயமாக இருக்கும் என்று தோன்றினால் “பேஷ்” என்பேன். கெட்ட விஷயமாகத் தோன்றினால் “பெருமாள் விட்ட வழி” என்பேன். பெரும்பாலும் பொருந்திவிடும். நீ என்னிடம் சொன்ன மூன்று தடவையும் உன் முகம் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

பதிவறையில் ஒரு காகிதத்தைப் படிக்காமல் கட்டில் போட்டவனை நான் இடைநீக்கம் செய்யப் பரிந்துரைத்திருக்கிறேன். ஒரே கூரையின் கீழ் இருக்கும் மனுஷியை நான் படிக்கவே இல்லை.

கே.கே. நகரில் என் தங்கை வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது. ஸ்ரீநாத் வரும்வரை அங்கே போய் இருக்கிறேன். நீ நிம்மதியாக வேலை பார்க்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். காது விஷயம் ஸ்ரீநாத்துக்குத் தெரிய வேண்டாம்.

கஸ்தூரிரங்கன்


17 ஜூன் 2024

அப்பாவுக்கு நமஸ்காரம்.

கடைக்காரர் பாதியை மீட்டுக் கொடுத்தார். மீதியை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்பெனியில் நாலு நாள் தள்ளிக் கொடுத்தார்கள். கொடுத்த தொனியைப் பார்த்தால் அடுத்த தொடர் எனக்கு வருமா என்று தெரியவில்லை.

ஸ்ரீநாத்துக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்குச் சொன்னார். “அப்பாவுக்குக் காது மந்தம், ஆனா அத நாம கண்டுக்கக் கூடாது” என்றார். சூடாமணி மாமிக்குத் தெரியும். தணிகாசலத்துக்குத் தெரியும். இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும். அதனால்தான் எல்லாரும் உங்களிடம் கத்துகிறார்கள். யாருக்கும் உங்கள் மேல் கோபமில்லை. சாயங்காலம் டிவியில் எழுத்து ஓடும் படமாகத் தேடி நீங்கள் பார்ப்பதையும் கவனித்திருக்கிறேன்.

தெரிந்தும் நான் ஏன் சாதாரணக் குரலில் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். முதல் தடவை, கத்தினால் உங்களுக்கு அவமானமாக இருக்குமோ என்று பயந்தேன். அப்புறம் நீங்கள் “பேஷ்” என்றதும், கேட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வது எனக்கும் சௌகரியமாக இருந்தது. மற்றவர்களுக்குக் காலடி ஓசையைக்கூட எழுதிக் கொடுக்கிறேன். உங்களுக்கு ஒரு சீட்டில் நாலு வரி எழுதி நீட்டத் தோன்றவில்லை. இதில் எனக்கும் வெட்கம் இருக்கிறது.

ஆனால் கோபம் போகவில்லை. காது கேட்கவில்லை என்பதால் அது தள்ளுபடி ஆகாது. எனக்கு ஒரு சந்தேகம். நான் சொன்னது மூன்று தடவையும் உங்களுக்கு நன்றாகக் கேட்டிருந்தாலும், சூடாமணி மாமியிடம் அதே சீரியல் கதையைத்தான் சொல்லியிருப்பீர்களோ?

கே.கே. நகருக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். பதில் எழுதிவிட்டுப் போங்கள்.

ரஞ்சனி


21 ஜூன் 2024

ரஞ்சனிக்கு,

நீ கேட்டதற்கு நாலு நாள் எடுத்துக்கொண்டேன். முதல் நாள், இல்லை என்று எழுதினேன். அழகான கடிதம். கிழித்துப்போட்டேன்.

சொல்லியிருப்பேன். நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பொழுதுபோக்கு, ஸ்ரீநாத் உட்கார்ந்தால் உத்தியோகம் என்று நான் முன்பே பிரித்து வைத்துவிட்டேன். காது கேட்டிருந்தால் உன் வேலையின் பெயர் தெரிந்திருக்கும். நான் உன்னைப் போட்ட கட்டு மாறியிருக்காது.

சூடாமணியிடம் நேற்றுப் போய்ச் சொன்னேன், நான் சொன்னது தப்பு, ரஞ்சனி செய்வது சம்பளம் வாங்கும் உத்தியோகம் என்று. அவள் ஒரு காகிதம் கேட்டு வாங்கி எழுதினாள்: ‘அது எனக்குத் தெரியும். ஒமக்குத் தெரியலேன்னுதான் லிஃப்ட்ல அவகிட்ட கேட்டேன், அவ வந்து ஒம்மக் கேக்கட்டும்னு.’ அந்தப் பெண்மணியை நான் இனி எதிர்கொள்வது கஷ்டம். இருந்தாலும் அடுக்ககத்தில் வேறு லிஃப்ட் இல்லை.

காது டாக்டரைப் பார்க்க முடிவு செய்து, உன்னிடம் சொல்லாமல் புதன்கிழமை அடையாறுக்குப் போனேன். பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய் வந்தார்கள். பெரிய மனிதர்கள் சிபாரிசு போலிருக்கிறது என்று நினைத்துப் பொறுமையாக இருந்தேன். கடைசியில் ஹாலில் விளக்கை அணைக்க வந்த பெண் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். புரியாததால் கவுண்டரில் இருந்து எழுதிக் கொண்டுவந்தாள். ‘நாலு தடவை கூப்பிட்டோம் சார்.’ காது டாக்டர் கிளினிக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தவரைச் சந்திக்க விரும்புகிறேன். பஸ்ஸில் வராமல் மந்தைவெளிவரை நடந்தே வந்தேன்.

தங்கை வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். போ என்றால் போகிறேன்.

திங்கட்கிழமை காலை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நீ கூட வந்து உட்கார முடியுமா? வேலை இருந்தால் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு வா. மூன்றாவது வரிசையில் சுவரோரம் ஒரு நாற்காலிக்குப் பக்கத்திலேயே பிளக் இருக்கிறது. சொருகும் இடம் நன்றாக வேலை செய்கிறதா என்று கேட்டேன். செய்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கஸ்தூரிரங்கன்