அரண்மனையில் இன்று வேலை இல்லை

நேற்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கணவர் தேசிங்கைச் சௌந்தரம் கண்டுபிடித்தபோது, மகள் காயத்ரி வாங்கித் தந்த பீங்கான் கோப்பை அவர் கையில் இருந்தது. அதில் அச்சிட்டிருந்த பழைய அரண்மனைச் சித்திரத்தைக் காட்டி, "இங்க எந்த பஸ்ஸு போவும்?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். கொத்தனார் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஞாபகம் தப்பத் தொடங்கியதிலிருந்து, அந்த அரண்மனையில் தனக்குப் பூச்சு வேலை பாக்கி இருப்பதாக நம்பினார்.

"அது வெறும் படங்க. அங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல" என்று பஸ்ஸில் திண்டிவனம் வீட்டுக்குத் திரும்பும்வரை அவள் கத்தினாள். அவர் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

இன்று அவள் வேலைக்குப் போயே ஆகவேண்டும். கதவை வெளியே பூட்டிவிடலாமா என்று பூட்டைக் கையில் எடுத்தாள். மனம் வரவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்.

"ஏங்க, கேப்பைக் கூழு தூக்குல இருக்குது. குடிச்சிட்டு மாத்திரை போட்டுக்குங்க. பதினோரு மணிக்கு காயத்ரி வந்துடும், அதுவரைக்கும் எங்கியும் போவாதீங்க. நேத்து கத்துனத மனசுல வெச்சிக்காதீங்க."

இது அவரை நிறுத்தாது என்று அவளுக்குத் தெரியும். அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"அரண்மனையில இன்னைக்கு வேலை இல்லியாம். நேத்து பூசனது இன்னும் காயலியாம். மேஸ்திரி சொல்லி அனுப்பினாரு."

பதினொன்றே காலுக்குக் காயத்ரி போன் செய்தாள்.

"அப்பா வீட்லதான் இருக்காரும்மா. நாளைக்கு எத்தினி மணிக்கு வரச் சொன்னாங்கன்னு கேட்டுக்கினே இருக்காரு. நான் இன்னா சொல்றது?"