ஹியூ கவனாவின் மாமனார்

அன்பு மகளுக்கு,

நலமா என்று கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன். மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

விளையாட்டாக, பகிடிக்குச் செய்த டிஎன்ஏ சோதனையில் எனக்குள் கொஞ்சம் ஐரிஷ் இரத்தம் இருப்பதாக வந்தது. "வெள்ளைக்காரன் எங்கட குடும்பத்துக்குள்ளையோ?" என்று உன்னிடம் கத்திய எனக்கு!

அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. வோபர்ன் நூலகத்துக் கணினியில் அந்த ஐரிஷ் மூதாதையரை மாதக்கணக்காகத் தேடினேன். ஒரு பதிவில் அவர் ஹியூ கவனா, துறைமுக எழுத்தர். இன்னொன்றில் பெயரே வேறு. அதற்குப் பிறகு ஆளே இல்லை. போன கிழமை யாழ்ப்பாணத்துத் தேவாலயம் ஒன்றிலிருந்து அவருடைய திருமணப் பதிவின் படம் வந்தது. மணப்பெண் எங்கள் பரம்பரைப் பெண். ஓரத்தில் பாதிரியார் எழுதியிருந்தார்: "பெண்ணின் தகப்பன் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிவிட்டார்."

அதோடு ஐரிஷ்காரரைத் தேடுவதை விட்டுவிட்டேன்.

உன் கல்யாணத்தன்று நான் காய்ச்சலில் படுத்திருந்ததாகத்தான் அம்மாவும் நினைத்தாள். இல்லை. ஒஷாவா மண்டபத்துக் கார் தரிப்பிடத்தில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். கெட்டிமேளம் கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று அதை அம்மாவிடம் சொன்னேன். "செத்தவனைத் தேடினது போதும். உயிரோட இருக்கிற பிள்ளையைப் போய்ப் பாருங்கோ" என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? பிரையனிடமும் கேட்டுச் சொல். உன் கணவரின் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா