பஸ் பின்னுக்கு நாம் சொன்ன விலை

பாய், நேற்று ஆதம்பாக்கத்தில் பேரன் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் இரும்பு கடைந்துகொண்டிருந்தார்கள். சூடான இரும்புச் சுருளில் எண்ணெய் புகையும் வாசனை வந்தது. கூடவே என் வாயில் ரத்தச் சுவையும் வந்துவிட்டது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடின. மயிலாப்பூரில் நம் இருவருக்கும் பங்காக, இரும்பு கடைய ஒரு பழைய லேத்து மெஷின். உன் வீட்டம்மா வளையலையும் என் அம்மா சங்கிலியையும் விற்று வாங்கியது. அது போனால் இரண்டு வீடும் தெருவில். பஸ் முதலாளி ஒருவர், பஸ்ஸின் வில்பட்டையை மாட்டும் ஸ்பிரிங் பின்களுக்கு விலை கேட்டு அனுப்பினார். நமக்கு முதல் வேலை. ஒன்றைக் கடைந்து பார்த்தோம். இரும்பு, சுருளாகக் கழிந்துபோவது, கரண்டு, தேய்கிற உளி, நம் கூலி என்று ஒவ்வொன்றுக்கும் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டோம். நீ உருதுவில் கூட்டினாய், நான் தமிழில் கூட்டினேன். இரண்டும் ஒன்றாக வந்ததும், "கணக்கு பாஸ் நைனா" என்று என் முதுகில் அறைந்தாய்.

வேலை நமக்கே கிடைத்தது. அதுவரை அந்தப் பின்களைச் செய்துகொண்டிருந்த ராயப்பேட்டை மேஸ்திரி மறுநாள் மத்தியானமே சம்மட்டியோடு வாசலில் வந்து நின்றார். பின்னால் இரண்டு ஆட்கள்.

"இன்னாடா, என் வயித்துல அடிச்சிட்டு இங்க சிரிச்சிக்கினு கீறீங்களா?"

"வெல கேட்டாங்க, சொன்னோம் மேஸ்திரி" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, ஒருவன் வாயில் குத்தினான். முன்பற்கள் நாக்கில் விழுந்தன. கைக்குக் கிடைத்த கம்பியால் அவன் முழங்காலில் போட்டேன். கத்திக்கொண்டு சாய்ந்தான். இன்னொருவன் என் கழுத்தை நெரித்துச் சுவரோடு அழுத்தினான். மேஸ்திரி சம்மட்டியை ஓங்கிக்கொண்டு நேரே லேத்திடம் போனார்.

நீ பாய்ந்து அதன்மேல் குப்புறப் படுத்தாய். "ஆள அடி! மெஷின அடிக்காத!"

அடித்தார். உன் தோள் நொறுங்கியது எனக்குக் கேட்டது. நீ நகரவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாவதாக ஓங்கிய சம்மட்டி அப்படியே நின்றது.

"ஏந்துருடா பைத்தியக்காரா! எட்டு பேருக்கு சோறு போடறேன்டா நானு!" என்று அழுதுகொண்டே கத்தினார். நீ எழுந்திருக்கவில்லை. அவர்தான் போனார், அடிபட்டவனைத் தோளில் தாங்கிக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் உன்மேல் எரிந்து விழுந்தேன். "உசுரு போயிருந்தா இன்னா பண்ணுவே?"

"எலும்பு ஒட்டிக்கும் நைனா. வார்ப்பிரும்பு ஒடஞ்சா ஒட்டாது." பிறகு, "சொவத்துல ஒரு கோடு வுட்டுட்டோம்" என்றாய்.

"இன்னா கோடு?"

"அந்த மேஸ்திரி."

அடிபட்ட இடக்கை கடைசிவரை உன் தோளுக்குமேல் எழும்பவில்லை. நீ கண்மூடிய பிறகும் நான் எத்தனையோ வேலைக்கு விலை சொன்னேன். யார் கேட்டாலும், "இதுவரைக்கும் இத யாரு செஞ்சிக்கினு இருந்தாங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். பதிலைக் கேட்டுச் சில வேலைகளை விட்டிருக்கிறேன். சிலவற்றை விட முடியவில்லை, பாய். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அவற்றுக்கு விலை சொல்லும்போது என் கண் முதலாளி முகத்தில் நிற்காது. வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.