சுண்ணாம்பு வெடித்த காலை

அண்ணி,

எதிர்வீட்டில் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அந்த வெந்த வாசனை வந்ததுமே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். அது போதாதென்று, உள்ளே என் மகள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ‘அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும்’ என்று உருப்போடுகிறாள். உங்களுக்கு எழுதாமல் இன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது.

நமக்கு என்றைக்கு ஒத்துப்போனது? நீங்கள் ரிஷிவந்தியத்திலிருந்து எங்கள் நைனார்பாளையத்து வீட்டுக்கு மருமகளாக வந்த வருஷத்திலேயே, நாம் பேசினால் சண்டைதான். வேதியியல் படித்த திமிர் உங்களுக்கு. ஒரே பெண் என்ற திமிர் எனக்கு. பொங்கலுக்கு முந்தின வாரம், சலவை சோடாவில் நான் ஊறப்போட்ட பட்டுப்பாவாடையை வாளியோடு வாசலில் கவிழ்த்தீர்கள்.

“பட்டு காரம் தாங்காதுடி, வீணாப்பூடும்” என்றீர்கள்.

நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். “எம் பொண்ணு துணியத் தூக்கி எறிய நீ யாருடி?” என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

அந்தக் கோபத்தோடுதான் வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்புப் பானைக்குள் கோலை விட்டுக் குத்தினேன். அண்ணன் அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்தார். பானை வெடித்தது. கொதிக்கிற சுண்ணாம்பு என் இடது கண்ணுக்குள் போய்விட்டது. கண்ணுக்குள் தணலை அள்ளிப் போட்டதுபோல இருந்தது. அப்போதும் என் பத்தாம் வகுப்பு மூளை சும்மா இருக்கவில்லை. “எலுமிச்சம்பழம் புழிம்மா, காரத்துக்கு அமிலந்தான்” என்று அலறினேன். அம்மா பழத்தை அரிந்துகொண்டு ஓடிவந்தாள்.

நீங்கள் அவள் கையில் ஓங்கி அடித்தீர்கள். பழம் எங்கோ போய் விழுந்தது. என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய், மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியில் முகத்தை அமுக்கினீர்கள். மார்கழிக் குளிர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிக் கிடந்த நேரம், பல் கிட்டிப்போனது. மூச்சு முட்டியது. உங்கள் கையைக் கடித்தேன், உதைத்தேன். முழங்காலால் என் முதுகை அழுத்திக்கொண்டு, ஒரு கையால் குழாயின் வேகத்தை மறித்து, மறுகையால் இமையைப் புரட்டிப் புரட்டிக் கழுவினீர்கள்.

“கொல்றாடா, எம் பொண்ணக் கொல்றாடா” என்று கத்திய அம்மா, சுண்ணாம்பு கிண்டிய கோலை எடுத்து உங்களை அடித்தாள். தோளில், முதுகில், காதில். அண்ணன் உங்கள் பின்னலைப் பிடித்து இழுத்தார். நீங்கள் விடவில்லை. தொட்டியில் கலந்த ரத்தம் என்னுடையது என்றே நினைத்தேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைப் பார்த்து, எலுமிச்சம்பழக் கதையையும் கேட்டுவிட்டு, “யாரு கழுவுனது? சுண்ணாம்பு உள்ளயே நின்னிருந்தா பார்வை போயிருக்கும். எலுமிச்சம்பழம் புழிஞ்சிருந்தா இன்னும் வெந்திருக்கும்” என்றார். காதில் துணியை அழுத்தியபடி நீங்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள்.

“வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?” என்று பிறகொரு நாள் அதற்கும் சண்டை பிடித்தேன்.

“சொல்லிக்கினு இருந்தா புடி வுட்டுப்பூடும். உங்கம்மாவுக்கு பதில் சொல்றதா, உன் கண்ணப் பாக்கறதா? அமிலமும் காரமும் சேந்தா சூடும் வரும்டி. அத மட்டும் ஒருத்தரும் மனப்பாடம் பண்றதில்ல.”

என் இடது கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் இடது காது அன்றோடு செத்துப்போனது. அதைப் பற்றி அம்மா கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அண்ணி.

அதற்குப் பிறகும் நாம் வருஷக்கணக்கில் சண்டை போட்டோம். ஆனால் எவ்வளவு கோபம் வந்தாலும் உங்கள் வலப்பக்கம் வந்து நின்றுதான் கத்துவேன். நான் திட்டுவது ஒன்றுவிடாமல் உங்களுக்குக் கேட்க வேண்டுமே. நீங்கள் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப்போகிறது. சந்தையிலோ பஸ் ஸ்டாண்டிலோ யாரோடு பேசினாலும், என் கால் தானாக அவர்களுடைய வலப்பக்கம் போய் நின்றுகொள்கிறது.